பிசின் போகட்டும், பளபளப்பு இருக்கட்டும்



உங்கள் அண்ணனோ அக்காவோ தற்காலிக ஓட்டுநர் உரிமத்துடன் 2 ஆண்டுகளைக் கடந்துவிட்டால், காரில் ஒட்டியிருந்த ‘பி’ ஒட்டுவில்லையை உரித்துவிடுவார்கள். தாள் வந்துவிடும், பிசின் வராது. காரின் பின்புறம் மின்னும் குரோம் பட்டையின்மேல் அது தங்கிவிட்டால், தூசி படிந்து கறுத்துப் பிசுபிசுக்கும். உடனே கத்தி, இரும்பு நார், நகப்பூச்சு நீக்கி என்று கைக்குக் கிடைத்ததை எடுக்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவோம். மேலே ஒட்டியிருப்பது என்ன? அதற்குக் கீழே இருப்பது என்ன?

மேலே இருப்பது என்ன?

மரப்பசை காய்ந்து இறுகுவதால் ஒட்டுகிறது. ஒட்டுவில்லையின் பசை அப்படியல்ல. அது என்றும் காயாத, மிகக் கெட்டியான திரவம் போன்றது. அழுத்தும்போது பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் பரவிப் பிடித்துக்கொள்கிறது.

இத்தகைய பசைக்கும் காருக்கும் பழைய உறவு உண்டு. 1920களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்களை விரும்பி வாங்கினர். ஒரு வண்ணத்தை மறைத்து மற்றொன்றை அடிக்கப் பெயிண்டர்கள் தாளைப் பசையால் ஒட்டினார்கள். உரிக்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து வந்தது. இதைக் கண்ட 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, உரித்தால் பெயிண்டைக் கெடுக்காத மறைப்பு நாடாவை 1925இல் உருவாக்கினார். இன்றும் பல மறைப்பு நாடாக்களின் பசையில் இயற்கை ரப்பர் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் பால்மரம் சீவி எடுத்தார்களே, அதே ரப்பர்தான்! வேறு பல ஒட்டுவில்லைகளில் அக்ரிலிக் பசை உள்ளது.

ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட சங்கிலி மூலக்கூறு. நீர் அதனுடன் கலக்காது. தேங்காய் எண்ணெயின் மூலக்கூற்றிலும் நீண்ட கார்பன்-ஹைட்ரஜன் வால்கள் இருப்பதால், அது பசைக்குள் மெல்ல ஊடுருவி அதை உப்பச் செய்து, பிடியைத் தளர்த்துகிறது. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியலின் எளிய விதி. அக்ரிலிக் பசை எண்ணெய்க்கு முழுவதும் இளகாவிட்டால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் கைகொடுக்கலாம்.

கீழே இருப்பது என்ன?

குரோம் பட்டை முழுவதும் உலோகம் என்று நினைக்கிறீர்களா? இன்றைய கார்களில் பெரும்பாலும் அது ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக். அதன்மேல் மின்முலாம் முறையில் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோமியம் பூசுகிறார்கள். அலங்காரக் குரோமியப் படலத்தின் தடிப்பு பொதுவாக 0.1 முதல் 0.5 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியோ பல பத்து மைக்ரான் தடிப்புள்ளது!

குரோமியம் கடினமானது என்றாலும் இவ்வளவு மெல்லிய படலத்தை இரும்பு நாரால் தேய்த்தால் கீறல் விழும். போன முலாம் மெருகேற்றுவதால் திரும்பி வராது. பினாங்குத் தீவில் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. அந்த உப்பின் குளோரைடு கீறல் வழியே இறங்கி, அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். கழிவறை கழுவும் திரவம் பலவற்றில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமோ குரோமியத்தையே தாக்கும். நகப்பூச்சு நீக்கி பலவற்றில் உள்ள அசிட்டோன் குரோமியத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் ஓரங்களில் வழிந்து பிளாஸ்டிக்கையும் பக்கத்துப் பெயிண்டையும் கரைத்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

எப்படி நீக்குவது?

1. காரை நிழலில் நிறுத்தி, பட்டையைச் சவர்க்கார நீரால் கழுவுங்கள். மணல் துகள் இருந்தால் அதுவே கீறிவிடும்.
2. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் பிசின்மேல் வையுங்கள். சூடு பசையை இளக்கும்.
3. துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, 10 நிமிடம் காத்திருங்கள்.
4. மென்மையான பருத்தித் துணியால் உருட்டி எடுங்கள். தேவையானால் மீண்டும் எண்ணெய் தடவுங்கள்.
5. மிச்சம் இருந்தால், பெரியவர் ஒருவர் துணையுடன், நெருப்பு இல்லாத காற்றோட்டமான இடத்தில், துணியில் சில சொட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுத் துடையுங்கள். முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.
6. கடைசியில் சவர்க்கார நீரால் கழுவித் துடையுங்கள். எண்ணெய் மிஞ்சினால் தூசி சேரும்.

நீங்களே சோதியுங்கள்

காரில் கை வைப்பதற்கு முன் காலி கிச்சாப் போத்தல் ஒன்றில் சோதிக்கலாம். லேபிளை உரித்து, மீந்த பிசினை மூன்று சம பகுதிகளாகப் பிரியுங்கள். ஒன்றில் நீர், ஒன்றில் சவர்க்கார நீர், ஒன்றில் தேங்காய் எண்ணெய் என ஒரே அளவு தடவுங்கள். 10 நிமிடம் கழித்து, தனித்தனித் துணியால் ஒவ்வொன்றையும் 20 முறை தேயுங்கள். எது அதிகப் பிசினை எடுத்தது? நீர் வென்றுவிட்டால் குழம்ப வேண்டாம். சில போத்தல் லேபிள்களை நீரில் கரையும் பசையால்தான் ஒட்டுகிறார்கள். அப்படியானால் வேறொரு போத்தலை எடுத்துச் சோதனையைத் தொடருங்கள்; இரண்டு லேபிள்களின் பசையும் எப்படி வேறுபடுகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.