எண்ணூர்க் கடற்கரையும் அளவை நூலும்

ஒரு பொருளை உள்ளவாறு உணர்தற்குக் கருவியாவது அளவை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் முப்பொருளியல்பை விரித்தோதப் புகுமுன், அளவையின் இலக்கணத்தையே முதற்கண் வைத்தார். பிறர் கூறும் பத்து அளவைகளும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பது அவர் துணிபு. "அவ்வாராய்ச்சி வீட்டு நெறிக்கு உரியதன்றோ? இணையத்தின் வழி நாள்தோறும் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளோடு அதற்கு யாது இயைபு?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இயைபு உண்டு, அதனை ஈண்டு விளக்குதும்.

"இரண்டு கப்பல்கள் மோதின" என்பதும் ஒரு வாக்கியம்; "அதனால் தீங்கொன்றும் இல்லை" என்பதும் ஒரு வாக்கியம். இரண்டும் எழுவாயும் பயனிலையும் பெற்று, ஒரே துணிவோடு ஒலிக்கின்றன. ஆயினும் முன்னது கண்டு கூறியது. பின்னது கருதிக் கூறியது. சொல்லின் வடிவத்தை நோக்கின் இவ்வேறுபாடு புலனாகாது. இஃது எந்த அளவையால் அறியப்பட்டதென்று வினவினாலன்றி விளங்காது. உண்மையையும் கருத்தையும் பிரித்தறிதலாவது இதுவே.

திருவொற்றியூரில் தியாகேசரை வணங்கி, கடற்கரை வழியே வடக்கு நோக்கிச் செல்வார்க்கு எர்ணாவூரும் எண்ணூரும் அணிமையில் உள்ளன. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், பொழுது புலருமுன், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய பி. டபிள்யூ. மேப்பிள் என்பது ஒன்று. எண்ணெய் ஏற்றி உள்வந்த டான் காஞ்சிபுரம் என்பது மற்றொன்று. எண்ணெய் கலந்து சுற்றுச்சூழல் மாசுபட்டதாகிய கேடு யாதும் இல்லையென்று துறைமுகத்தார் அன்றே அறிக்கை விடுத்தனர். ஆயினும் கருங்குழம்பாகிய எரியெண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கிற்று. தெற்கே மெரினா முதலிய இடங்களையும் அடைந்தது. கடலோரக் காவற்படையினரும், மாணவரும், மீனவரும், தொண்டரும் வாளிகளால் அதனை அள்ளி அகற்றினர். கசிந்த எண்ணெய் ஏறக்குறைய 196 டன் எனப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. அது முதலிற் சொல்லப்பட்ட அளவினும் பன்மடங்கு மிகுதியாம்.

இதன்கண் நிகழ்ந்த பிழை யாது? பொய்யென்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பிறருள்ளத்தை நாம் கருதியுரைக்கும் கருத்தேயாகும். அளவை நூலார் இப்பிழைக்கு வேறு பெயர் வைத்துள்ளனர். கருதலளவைக்குரிய ஏதுக்களுள் அநுபலத்தி என்பது ஒன்று. ஒரு பொருள் காணப்படாமையை ஏதுவாகக் கொண்டு அது இல்லையென்று துணிதல் அதன் இயல்பு. அத்துணிவு எப்பொழுது செல்லும்? அப்பொருள் ஆண்டு இருந்திருப்பின் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையிலேயே செல்லும். பகலொளியில் வெறுந்தரையை நோக்கிக் "குடம் இல்லை" என்பது தகும். இருளறையின் வாயிலில் நின்று "குடம் இல்லை" என்பது தகாது. கடற்பரப்பை நன்கு தேடியறியுமுன், "எண்ணெய் காணப்படவில்லை" என்பதே கூறத்தகுவது. "எண்ணெய் இல்லை" என்றது அளவை கடந்த சொல்லாயிற்று. 'காணவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையிலுள்ள அச்சிறு வேறுபாட்டிலேதான் ஒரு கரையின் வாழ்வு சிக்குண்டது.

மற்றுமொரு நிகழ்ச்சியை நோக்குவாம். 2023ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூரை அடுத்த உரத்தொழிற்சாலை ஒன்றிற்குக் கப்பலினின்றும் அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிற் கசிவு நேர்ந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊரினர் கண்ணெரிவும் மூச்சுத்திணறலும் உற்று, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவிற்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் ஆலைவாயிற் காற்றை அளந்து, ஒரு கனமீட்டரில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா உளதென்றும், 24 மணிநேரச் சராசரிக்கு வரையறுத்த அளவு 400 என்றும் வெளியிட்டனர். கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்தது, வரையறை 5.

இச்செய்தியைச் சித்தியார் வழிநின்று பகுத்துக் காண்போம். நாற்றத்தை மூக்கு அறிந்தது வாயிற்காட்சி. அச்சமும் துன்பமும் அவரவர் உள்ளத்தில் உணரப்பட்டது தன்வேதனைக் காட்சி. அஃது உற்றவர்க்கு மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும் காற்றில் நஞ்சு எத்துணை என்பதை அது காட்டாது. 2,090 என்பது கருவி கொண்டு கண்ட காட்சி. இடமும் பொழுதும் முறையும் உடன் கூறப்படுமாயின் பிறரும் ஆராயத்தக்கது. 400 என்பதோ இயற்கைப் பொருளன்று. வல்லுநர் ஆராய்ந்து வகுத்த விதி. ஒரு பொழுதில் ஓரிடத்து அளந்ததனை ஒரு நாட்சராசரியோடு ஒப்பிடுதல் கருதலின்பாற் படும். "இனி ஆபத்தில்லை" என்பதும், "ஊர் முழுதும் அழியும்" என்பதும் கருத்துக்களே. முன்னது அமைதியாகவும் பின்னது கூக்குரலாகவும் ஒலித்தலால், ஒன்று உண்மையும் மற்றொன்று கருத்தும் ஆகிவிடா.

பின்னர் ஆராய்ந்த வல்லுநர் குழுவினர், அத்திங்களில் வீசிய மிக்ஜாம் புயலின்போது குழாயைச் சூழ்ந்திருந்த பெருங்கற்கள் பெயர்ந்து அதனைச் சிதைத்திருத்தல் கூடுமென்றனர். குழாய் உடைந்தமை கண்டது. கற்கள் உடைத்தமை கருதியது. காரியங் கொண்டு காரணம் உணரும் இக்கருதல் இழிந்ததன்று. ஏதுவைக் காட்டி நிற்றலால் ஆராய்தற்குரியது. ஆகலின் கருத்தெல்லாம் பொய்யென்று தள்ளுவாரும் பிழைப்பாராவர். ஏதுவுடைய கருத்து வேறு, ஏதுவில்லாத கருத்து வேறு.

"கண்ணெரியும் இரவில் அளவுக்கணக்கு வருமளவும் வாளா இருத்தல் வேண்டுமோ?" எனின், வேண்டா. புகை கண்டு தீயுண்டென்று விலகுவான், தீயைக் கண்டபின் விலகுவேன் என்னான். உயிர்க்கு ஏதம் வரும்போது தக்க ஐயமே செயலுக்குப் போதும். பிறரை எழுப்பி அழைத்துச் செல்லுதலும் அறமேயாம். ஆயின், "நாற்றம் வருகின்றது, கண் எரிகின்றது, நாங்கள் வெளியேறுகின்றோம்" என்று அறிவித்தல் ஒன்று. "இத்தனை பேர் மாண்டனர்" என்று காணாததனைக் கைப்பேசியிற் பரப்புதல் மற்றொன்று. முன்னது அயலாரைக் காக்கும். பின்னது அவரை நெரிசலிற் செலுத்திக் கொல்லவுங்கூடும்.

இனி, உரையளவையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். மலமற்ற இறைவன் நூலையே நம் ஆசிரியர் உரையளவையாகக் கொண்டனர். மலமுடைய உயிர்களின் மொழி அந்நிலைக்கு உரியதன்று. ஐயமும் திரிபும் அவர் காட்சியிற் புகுதலும், விருப்பு வெறுப்பு அவர் சொல்லிற் புகுதலும் இயல்பு. ஆகவே அதிகாரியார் அறிக்கையாயினும், ஆலையார் மறுப்பாயினும், போராடுவார் முழக்கமாயினும், உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியாயினும், அவற்றைக் காட்சியாலும் கருதலாலும் தேர்ந்தே கொள்ளுதல் வேண்டும். பலர் பகர்ந்தனர் என்பது ஏதுவாகாது. ஒருவர் கண்டதனை ஆயிரவர் திருப்பியனுப்பினும் கண்டவர் ஒருவரே.

ஆதலின் ஒரு செய்தி வந்துழி அன்பர்கள் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்புக. இதனைக் கண்டவர் யார்? எவ்விடத்து, எப்பொழுது, எம்முறையாற் கண்டார்? காணாது கருதினாராயின் அதற்கு ஏது யாது? இவ்வாறு நாம் நம்புதலால் அவர்க்கு வரும் பயன் யாது? இவற்றிற்கு விடை கிடையாதவழி அச்செய்தியைப் பொய்யென்றும் கொள்ளற்க, மெய்யென்றும் கொள்ளற்க. ஐயமென வைத்து ஆராய்க. பின்னர் வரும் காட்சி முன்னைத் துணிவை மாற்றுமாயின் மாற்றிக்கொள்க. அதில் இழுக்கில்லை.

அளவையைப் பதிபொருளை ஆராய்தற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அயலாரின் உயிரும் தொழிலும் பற்றிய சொற்களில் அதனைக் கைவிடுவோமாயின், நாம் கற்றது நூலளவாய் ஒழியும். எர்ணாவூர் மணலில் எண்ணெய் அள்ளிய கைகளையும், பெரியகுப்பத்து இரவில் குழந்தையோடு ஓடிய தாயரையும் நினைந்தேனும், 'கண்டேன்' என்பதையும் 'கருதுகின்றேன்' என்பதையும் வேறு வேறாகச் சொல்லப் பழகுவோமாக.