பி.பி. ஏறும் முன்பே

"புள்ளத்தாச்சின்னா காலு வீங்கத்தானுங்க செய்யும்!" குண்டடம் பக்கம் இதைச் சொல்லாத மாமியார் குறைவு. விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன் ஏறி, நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கும் பெண் என்றால், நின்ற களைப்பு என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அது ப்ரீ-எக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும்.

உப்பு, டென்ஷன் என்று அவள்மேலேயே பழி போடுகிறோம். கோளாறு தொடங்குவதோ முதல் மூன்று மாதங்களில், கருப்பைச் சுவருக்குள். அங்கே அப்போது குவியும் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு 'நேச்சுரல் கில்லர்' வகை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அங்கே அவற்றுக்குக் கொலை வேலை இல்லை. நஞ்சுக்கொடியின் செல்களோடு சேர்ந்து தாயின் மெல்லிய ரத்தக் குழாய்களை, வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவதுபோல விரித்துவிடுகின்றன. சிசுவில் பாதி தகப்பனின் மரபு. தாயின் உடலுக்கு அது அந்நியம். அதைப் பொறுத்துப்போக வைப்பவை 'டி-ரெக்' செல்கள். இந்த நோயில் அவை குறைந்து, அழற்சியைத் தூண்டும் செல்களின் கை ஓங்குகிறது. குழாய் விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. முதல் பிரசவத்தில் இந்நோய் அதிகம் வருவதற்கு, தகப்பனின் புரதங்களோடு தாயுடலுக்கு அதுவரை பழக்கமில்லாததும் ஒரு காரணம் என்கிறார்கள்.

திணறும் நஞ்சுக்கொடி என்ன செய்கிறது? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆனந்த் கருமஞ்சியின் பாஸ்டன் குழு 2003-இல் ஒரு விடை சொன்னது. எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதத்தை அது அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் பிடித்து முடக்கிவிடுகிறது. எலிகளின் உடலில் அதைக் கூட்டியபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. சினையாக இல்லாத எலிகளுக்கும்தான்!

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு டாக்டர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருகிறார்கள். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 2017-இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், இரவுதோறும் 150 மில்லிகிராம் எடுத்த பெண்களிடம், 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் வகை ப்ரீ-எக்லாம்ப்சியா 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கிராம சுகாதார செவிலியர் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லி விரட்டுவது சும்மா இல்லை. செவிலியர் வரும் நேரத்துக்கு வேன் போய்விடுகிறது என்பதுதான் இங்கே சிக்கல். கர்ப்பிணிக்கு மாதம் ஒரு நாள் சம்பளம் பிடிக்காமல் லீவு தந்தால் கம்பெனி கவிழ்ந்துவிடாது.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின்னும் அழுத்தம் ஏறலாம். ஆறு வாரம் வரை கவனம் தேவை. விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் தைலத்தைத் தேடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் பி.பி. பார்க்க வேண்டும்.