‘வெள்ளன வந்துருங்க!’ ராமநாதபுரம் கரையில் விடியலுக்கு எத்தனை பெயர்?

ராமநாதபுரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறீர்களா? விடைபெறும்போது, “நாளைக்கு வெள்ளன வந்துருங்க” என்ற வார்த்தை கட்டாயம் காதில் விழும். சென்னையிலேயே வளர்ந்த பிள்ளைகள் முழிப்பார்கள். வெள்ளனன்னா எத்தனை மணிக்கு?

மணிக்கணக்கெல்லாம் அதில் கிடையாது. வேர்ச்சொல் ‘வெள்’. கிழக்கு வெளுக்கும்போதே வந்துவிடு என்பதுதான் சேதி. போகப் போக அது ‘சீக்கிரமா’ என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. சாயங்காலம் 5 மணிக்கு ஆபீஸிலிருந்து வந்தவரையும், “என்ன, இன்னைக்கு வெள்ளன வந்துட்டீக?” என்று கேட்கிறார்கள்.

இதே வெள்ளை ஐரோப்பாவிலும் உண்டு. லத்தீனில் ‘ஆல்பா’ என்றால் வெள்ளை. ஸ்பானிஷ் மொழியில் விடியலுக்கே அந்தப் பெயர்தான். ஆங்கிலம் வேறு பாதையில் போனது. ‘டான்’ என்ற சொல், ‘பகலாகு’ என்ற பொருள் தரும் பழைய வினையிலிருந்து வந்தது. ‘டேபிரேக்’ என்றால் பொழுது உடைகிறது. தமிழில் பொழுது உடைவதில்லை. விடிகிறது, புலர்கிறது, வெளுக்கிறது. ‘டுமாரோ’வைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ‘மாரோ’ என்ற பழைய காலைப்பொழுது ஒளிந்திருக்கும்.

இன்னொரு ஜோடி இன்னும் சுவாரஸ்யம். கிழக்கைச் சொல்லும் ‘ஓரியன்ட்’, தொடக்கத்தைச் சொல்லும் ‘ஆரிஜின்’, இரண்டுக்கும் ‘எழு’ என்ற பொருள் கொண்ட ஒரே லத்தீன் வேர். நம் ‘உதயம்’ செய்வதும் அதையேதான். 1985-ல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களை உருவாக்கினார்கள். அப்படிப் புது மாவட்டம் வரும்போதெல்லாம் அது ‘உதயமாகிறது’ என்றுதானே எழுதுகிறோம்?

மன்னர் இழுத்த வண்டி

ஆங்கிலத்து விடியல் இந்தக் கரையில் ஒருமுறை பெரிதாக ஒலித்தது. 1893-ல் சிகாகோ சென்ற விவேகானந்தர், மேல்நாட்டுப் பயணத்தை முடித்து, இலங்கை வழியாக 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கினார். மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்று, அவர் அமர்ந்த வண்டியைத் தானும் சேர்ந்து இழுத்தார். அடுத்த சில நாட்களில் ராமநாதபுரத்தில் தந்த வரவேற்புக்கு விவேகானந்தர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நெடிய இரவு ஒன்று கழிவதுபோலத் தெரிகிறது, தூங்கிக் கிடந்த தேசம் கண் விழிக்கிறது என்ற பொருளில்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. ‘பாஸ்கர’ என்ற மன்னரின் பெயருக்கே சூரியன் என்று பொருள் என்பது தற்செயலான பொருத்தம்.

எது நிஜ விடியல்?

மேடைப் பேச்சுக்கு விடியல் ஒரு நொடி. கரையில் வாழ்பவர்களுக்கு அது சுமார் 70 நிமிட விஷயம். ராமேஸ்வரத்தில் வானத்தின் முதல் வெளுப்புக்கும் சூரியன் தலைகாட்டுவதற்கும் இடையில் அவ்வளவு நேரம் இருக்கிறது. அதற்குள் எத்தனை படிகள்! விடிவெள்ளி, கருக்கல், கிழக்கு வெளுப்பு, பலபலவென விடிவது... இதில் ‘கருக்கல்’ கொஞ்சம் குறும்புக்காரச் சொல். அந்தி மங்கலுக்கும் அதுவே பெயர் என்பதால், ‘விடியக்கருக்கல்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் குழப்பம் தீரும்.

ராமநாதசுவாமி கோயிலில் 5 மணியை ஒட்டி பள்ளியறை தீபாராதனை. அதைத் தொடர்ந்து ஸ்படிகலிங்க தரிசனம், திருவனந்தல், பிறகு விளா பூஜை. சூரியன் நன்றாக மேலே வருவதற்குள் இத்தனை பெயர்கள்.

கீழக்கரைப் பக்கம் போனால் கணக்கு இன்னும் நுணுக்கம். சுபுஹுத் தொழுகைக்கு இரண்டு விடியல்களைப் பிரித்தறிய வேண்டும். அடிவானிலிருந்து செங்குத்தாக எழுந்து மறைந்துவிடும் வெளிச்சம் பொய் விடியல். கிடையாகப் பரவிக்கொண்டே போவதுதான் மெய் விடியல். நோன்பு தொடங்குவதும் தொழுகைக்கு நேரமாவதும் இரண்டாவதில்தான். இப்போது அட்டவணையும் செயலியும் நிமிடம் சொல்லிவிடுகின்றன. ஒரு காலத்தில் கண்தான் கடிகாரம்.

இந்த 70 நிமிடத்தை முழுசாகப் பயன்படுத்திய சிறுவன் ஒருவனை நமக்கெல்லாம் தெரியும். அப்துல் கலாம் தன் இளமை நினைவுகளில் அதைச் சொல்லியிருக்கிறார். இருட்டிலேயே எழுந்து குளித்து, கணக்கு வாத்தியார் வீட்டுக்கு ஓட்டம். திரும்பியதும் அப்பாவுடன் தொழுகை, குர்ஆன் ஓதுதல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாகப் போடும் வேலை. அதன் பிறகுதான் பள்ளிக்கூடம்.

சூரிய உதயம் பார்க்க ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு ஒரு தகவல். தொல்காப்பியம் வைகறையையும் விடியலையும் மருதத்துக்குத்தான் ஒதுக்கியது. கடற்கரையான நெய்தலுக்குத் தந்தது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். வயல்காரருக்கு விடியல் வேலை தொடங்கும் நேரம். கடல்காரருக்கு?

படகுகளை எண்ணும் நேரம்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வாரத்தில் 3 நாட்கள் காலையில் கடலுக்குப் போகின்றன. கரை திரும்புவது மறுநாள் காலை. ஆகவே இங்கே விடியல் என்பது ஒருவர் திரும்பி வரும் நேரமும்கூட. 1974-ல் கச்சத்தீவு இலங்கைக்கு என்று ஒப்பந்தமான பிறகு, கடலில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்த சேதி பெரும்பாலும் காலைச் செய்தியாகவே ஊருக்குள் வருகிறது.

தமிழில் ‘விடிவு’க்குத் துன்பம் தீர்வது என்றும் பொருள். ‘மீனவர் பிரச்னைக்கு விடிவு எப்போது?’ என்ற தலைப்பு பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டேபிரேக் எப்போது?’ என்று கேட்டால், போன் திரையைப் பார்த்து நிமிடம் உட்பட யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

கிழக்கு வெளுத்ததும் துறைமுகத்தில் படகுகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஐஸ் பெட்டிகள் இறங்குகின்றன, ஏலம் தொடங்குகிறது. எண்ணிக்கை குறையும் நாட்களில் சிலர் மட்டும் ஏலத்தின் பக்கம் திரும்பாமல், இன்னும் வராத படகின் எண்ணைச் சொல்லி, வந்திறங்குகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டே நிற்கிறார்கள்.