கொரியா கற்பிக்கும் பாடம்

2024-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி தென் கொரியாவின் தேசிய சபையில் ஒரு மசோதா நிறைவேறிற்று. மனிதர் உண்பதன் பொருட்டு நாய்களை வளர்ப்பதும், கொல்வதும், விற்பதும் குற்றம் என்பதே அதன் சாரம். ஆதரவாக 208 வாக்குகள் விழுந்தன. எதிராக ஒன்றேனும் விழவில்லை. எக்காரியத்திலும் எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகள் இதில் ஒன்றுபட்டு நின்றன. பல்லாண்டுக் கிளர்ச்சி ஒன்று இவ்வாறு பலித்தது. தீய வழக்கங்களை ஒழிக்கப் புறப்படும் நம் ஊழியர்கள், இவ்வெற்றி கிட்டிய வகையை ஊன்றிக் கவனித்தல் நலம்.

நாய் மாமிசம் கொரியாவில் நெடுங்காலமாக உண்ணப்பட்டு வந்தது. கோடையின் கொடிய நாட்களில் அது உடலுக்குத் தெம்பளிக்கும் என்பது முதியோரின் நம்பிக்கை. சட்டமோ இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. 1978-ல் மாமிசப் பரிசோதனைச் சட்டத்தின் ஜாபிதாவிலிருந்து நாய் நீக்கப்பட்டது. கால்நடைச் சட்டத்திலோ அது கால்நடையாகவே நீடித்தது. ஆகவே வளர்ப்பதற்குத் தடையில்லை. கொல்லுமிடத்தைச் சோதிக்க அதிகாரியுமில்லை. கம்பிக் கூண்டுகளிலே அடைபட்டுக் கிடந்த அப்பிராணிகளின் துயரைக் கேட்பார் யார்?

1988-ல் ஸியோல் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. மேனாட்டார் ஏளனம் செய்வரே என்றஞ்சிய சர்க்கார், நாய் மாமிசக் கடைகளைக் கண்ணில் படாதபடி ஒதுக்கிற்று. விளைவு யாது? கடைகள் சந்துகளில் புகுந்தன, பண்டத்தின் பெயர் மாறிற்று, வியாபாரம் மாறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அந்நியரின் பழிச்சொல் ஜனங்களின் ரோஷத்தைக் கிளப்பிற்றேயன்றி மனத்தை மாற்றவில்லை. பசுவையும் பன்றியையும் உண்பவன் எங்களுக்குத் தர்மோபதேசம் செய்வதா என்று அவர்கள் கேட்டதில் நியாயமுண்டு.

மாறுதல் உள்ளிருந்தே வந்தது. நகரவாசிகள் நாயை வீட்டில் ஒரு குழந்தையைப் போல் வளர்க்கத் தலைப்பட்டனர். அந்நாட்டு ஜீவகாருண்ய ஊழியர் சலியாது உழைத்தனர். ஸோங்நாம் நகரின் மோரான் சந்தையில் நாய்களை அடைத்துக் கொல்லும் ஏற்பாட்டை அகற்ற, வியாபாரிகளே 2016-ல் நகராட்சியுடன் உடன்பட்டனர். அந்நகரின் பெரிய கொலைக்களம் 2018-ல் இடிக்கப்பட்டது. புஸான் நகரின் குபோ சந்தையில் இவ்வியாபாரம் 2019-ல் மூடப்பட்டது. முந்திய ஓராண்டில் நாய் மாமிசம் உண்டதாகக் கூறியோர் 2015-ல் நூற்றுக்கு 27 பேர்; 2022-ல் 8 பேரே. சட்டம் வருமுன்னரே வழக்கம் தளர்ந்துவிட்டது என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இத்தொழிலால் பிழைத்தவரும் அந்நாட்டுப் பிரஜைகளே. மசோதாவை எதிர்த்து 2023-ல் அவர்கள் தலைநகரின் வீதியில் இறங்கினர். சட்டம் அவர்களை நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. தண்டனைகள் அமலாக மூன்று வருஷத் தவணை அளித்து, 2027 பிப்ரவரியை எல்லையாகக் குறித்தது. தொழிலைக் கைவிடுவோருக்கு நாய் ஒன்றுக்கு 2,25,000 முதல் 6,00,000 வோன் வரை உபகாரத் தொகை என்றும், விரைந்து மூடுவோருக்கு அதிகமென்றும் சர்க்கார் அறிவித்தது. தவணைக்குப் பின் கொல்வோருக்கு மூன்று வருஷம் வரை சிறை விதிக்கலாம். உண்பவருக்குத் தண்டனை இல்லை. ஆயினும் பண்ணைகளில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட சுமார் 4,66,000 நாய்களை யார் ஏற்பது என்பது எளிதில் விடை காணும் கேள்வியன்று. வாக்களிப்பதோடு தயை முடிந்துவிடுவதில்லை.

நம் தேசத்திலும் இதற்கொரு படிப்பினை உண்டு. நாகாலாந்து சர்க்கார் 2020 ஜூலையில் நாய் மாமிச விற்பனையைத் தடை செய்தது. 2023 ஜூனில் கௌஹாத்தி ஹைகோர்ட்டு அவ்வுத்தரவை ரத்து செய்தது. சட்டசபை இயற்றிய சட்டம் ஏதுமின்றிப் பிரதம காரியதரிசி இத்தகைய தடை விதித்தல் செல்லாது என்றும், நாகர்களிடையே அது வழக்கிலுள்ள உணவு என்றும் கூறிற்று. கொரியாவில் ஜனங்களின் மனம் முன்சென்றது, சட்டம் பின்தொடர்ந்தது. இங்கோ உத்தரவு முன்னே பாய்ந்தது, ஜனங்கள் பின்தங்கினர்.

ஆட்டையும் கோழியையும் உண்ணும் நாம் நாகர்களை இழித்துரைக்க யாதொரு பாத்தியதையும் இல்லை. ஆனால் வாயைக் கட்டிச் சாக்கில் திணித்து, உயிருள்ள பிராணியை ஊர்விட்டு ஊர் கடத்துவது எவர் வழக்கமாயினும் கொடுமையே. அதைத் தடுக்க 1960-ம் வருஷத்திய பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உள்ளது. அதை நிறைவேற்றும்படி சர்க்காரை வற்புறுத்துவோம். மற்றதை நாகாலாந்தின் இளைஞர்களே தம் ஜனங்களிடம் பேசட்டும். நாம் அவர்களுக்குத் துணை நிற்போம், குருவாக அல்ல. ஏளனம் செய்து எந்தச் சமூகத்தையும் எவரும் திருத்தியதில்லை. பொறுமையும், பிழைப்பு இழப்பவனிடத்தும் பரிவும் உடைய கிளர்ச்சியே நிலைத்த பலன் தரும்.