மலைப்பாதை ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர்: நாம் கவனிக்க வேண்டியவை

மலையோர ஊர்களில் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கும், எஸ்டேட் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஜீப் இல்லாமல் தொழில் நடக்காது. போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதுவாவது தார் ரோடு. சூரியநெல்லியைத் தாண்டிக் கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் கல்தான் ரோடு. ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டிலும் ஓட வேண்டும். டயருக்கும் இஞ்சினுக்கும் கணக்குப் பார்க்கிற நாம், ஷாக் அப்சார்பரை மட்டும் மெக்கானிக் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அதனால் வரும் நஷ்டத்தை அனுபவித்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஜீப்பின் பின்புறம் தாழ்ந்து போனது. "கடினமான ஷாக்காகப் போட்டால் தூக்கி நிறுத்திவிடும்" என்று ஒருவர் சொன்னார். கடையில் இருந்ததிலேயே கடினமான ஜோடியை வாங்கி மாட்டினோம். முதல் நடையிலேயே மூன்று எண்ணெய் டின்கள் மூலையில் விரிசல் விட்டு ஒழுகி, அடியில் இருந்த சர்க்கரை மூட்டையும் வீணாயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் இறக்கத்தில் நடந்தது. காலி வண்டி ஒரு வளைவில் கல்லின் மேல் துள்ளி, பின் சக்கரங்கள் பிடிப்பு இழந்து பள்ளத்துப் பக்கம் சறுக்கியது. டிரைவர் நிதானமானவர், விளிம்பிலேயே நிறுத்திவிட்டார். டின் போனால் நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆள் போயிருந்தால் எந்தக் கணக்கில் எழுதுவது?

பிறகு ஒரு வயதான மெக்கானிக் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதலாளி, மூட்டையைத் தூக்குறது பட்டை. ஷாக் தூக்காது, ஆட்டத்தை அடக்கும். அவ்வளவுதான் அதோட வேலை."

எப்படி வேலை செய்கிறது?

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்தான். புதிய வண்டிகள் சிலவற்றில் சுருள் ஸ்பிரிங் வருகிறது. எதுவானாலும் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். கல்லில் ஏறி இறங்கியதும் ஸ்பிரிங் தானாக நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக். அதன் குழாய்க்குள் எண்ணெயும், சிறு துவாரங்கள் உள்ள பிஸ்டனும் இருக்கின்றன. சக்கரம் அசையும்போது எண்ணெய் அந்தத் துவாரங்கள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைகிறது. பேரலில் எண்ணெய் எடுக்கும் கை பம்பை நினைத்துப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் லேசாகப் போகும். வேகமாக அழுத்தினால் கையை எதிர்க்கும். ஷாக்கும் அப்படித்தான்.

இதற்கு இரண்டு திசை உண்டு. சக்கரம் மேலே ஏறும்போது அமுங்குவது ஒன்று; இறங்கும்போது விரிவது மற்றொன்று. பொதுவாக விரியும்போதுதான் தடை அதிகமாக இருக்கும்படி செய்கிறார்கள். இரண்டு தடையும் அளவுக்கு மீறினால் சக்கரம் தரையோடு ஒட்டி ஓடாது. எங்கள் காலி வண்டி துள்ளியதற்கு இதுவே காரணம்.

வாங்குவதற்கு முன்

முதலில் பட்டையைப் பாருங்கள். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி இரு பக்க உயரத்தையும் அளந்தால் தாழ்வு தெரிந்துவிடும். பட்டை தளர்ந்திருந்தால் பட்டையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, லோடு. நிறை லோடு எத்தனை நாள், பாதி லோடு எத்தனை நாள் என்பதை உங்கள் அனுப்புகைப் புத்தகமே சொல்லும். என்றோ ஒரு நாள் ஏற்றும் பெரிய லோடுக்காகக் கடினமான ஷாக் வாங்கினால் மற்ற நாளெல்லாம் சரக்கு அடிபடும். ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எடைக்கு மேல் ஏற்றினால் எந்த ஷாக்கும் உதவாது. போகும்போது நிறை லோடு, வரும்போது காலி என்றிருப்பவர்களுக்கு, குமிழைத் திருகி மாற்றக்கூடிய வகை கூடுதல் விலைக்குத் தகும்.

மூன்றாவது, நீளம். ஷாக் முழுவதும் மூடுவதற்கு முன்பே ஆக்ஸில் பம்ப் ரப்பரில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடி முழுவதும் ஷாக் மேல் விழும். பட்டையை உயர்த்திக் கட்டியவர்கள் பழைய நீளத்திலேயே ஷாக் போட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும்.

நான்காவது, வகை. நெடுநேரம் கல் பாதையில் ஓடினால் எண்ணெய் நுரைத்து ஷாக் சோர்ந்துவிடும். நைட்ரஜன் வாயு அடைத்த வகையில் நுரைப்பது குறைவு. வாயு அடைத்த ஒற்றைக் குழாய் வகை சீக்கிரம் சூடு ஆறும். ஆனால் கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் வகை வெளியில் சிறிது நசுங்கினாலும் தாங்கும். கல் தெறிக்கும் பாதையில் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

எப்போதும் ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரட்டைக் குழாய் வகையை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை இழுத்து அமுக்கினால் உள்ளே உள்ள காற்று வெளியேறும். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதுதான் முழுவதும் முறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் முறுக்கினால் புஷ் சீக்கிரம் கிழியும்.

அளவு வைக்கும் முறை

1. முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். அது தவறாக இருந்தால் மற்ற சோதனையெல்லாம் வீண்.

2. குமிழ் எந்தத் திசைத் தடையை மாற்றுகிறது என்பதைக் கூட வரும் தாளில் பாருங்கள். மிக மென்மையான நிலையில் தொடங்குங்கள்.

3. வழக்கமான லோடுடன், ஒரே பாதையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஆக்ஸிலில் மட்டும், இரு பக்கமும் சமமாக, ஒவ்வொரு பல்லாகத் திருகி எழுதி வையுங்கள்.

4. மேட்டில் இறங்கியபின் வண்டி திரும்பத் திரும்ப ஆடினால் விரியும் தடை போதவில்லை. தொடர்ந்து வரும் சிறு கற்களில் வண்டி தாழ்ந்துகொண்டே போனால் அந்தத் தடை அதிகம். ஒவ்வொரு கல்லும் முதுகில் குத்தினால் அமுங்கும் தடை அதிகம். பள்ளத்தில் 'டொம்' என்று தட்டினால் முதலில் லோடையும் பட்டையையும் பம்ப் ரப்பரையும் பாருங்கள்.

5. காலி வண்டியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

மாதம் ஒருமுறை எண்ணெய்க் கசிவு, புஷ் தேய்மானம் பாருங்கள். கல் பாதையில் ஓடி வந்ததும் ஷாக்குகளின் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். சூடு அதிகமிருக்கலாம், ஜாக்கிரதை. மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இப்போது எங்கள் வண்டியில் பட்டையைச் சரிசெய்து, நடுத்தரமான ஷாக் போட்டிருக்கிறோம். டின்கள் முழுசாகப் போய்ச் சேருகின்றன. வண்டி திரும்பியதும் "எப்படி ஓடியது?" என்று டிரைவரைக் கேட்டு, அவர் சொல்வதை லோடுக் கணக்கின் பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறோம். வண்டியின் ஆட்டம் முதலில் தெரிவது அவருக்குத்தான். அவர் சொல்லும் நாளிலேயே கவனித்தால் செலவும் குறையும், பத்திரமாக வீடும் வந்து சேருவார்.