திடீரென நின்றுவிடும் கணினி: காரணமும் பரிசோதனையும்

நன்கு இயங்கிக்கொண்டிருக்கும் கணினி எவ்வித அறிவிப்புமின்றித் திடீரென நின்றுவிடுவது இல்லங்களில் அடிக்கடி நேரும் தொல்லையாகும். அக்கணத்தில், சேமிக்கப்படாத வேலை முழுவதும் மறைந்துபோகிறது. களப்பணியாளர் நாள் முழுதும் திரட்டிப் பதிந்த பயிர்க் கணக்கும், ஆசிரியர் கண்விழித்துத் தொகுத்த மதிப்பெண் பட்டியலும் இவ்வாறு அழிவதுண்டு. எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபட்டு, பின்னர்த் திறக்க இயலாமற் போவதும் உண்டு. இந்நிலையில் பலர் அவசரப்பட்டுப் புதிய உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றுகின்றனர். பணம் செலவாகிறதேயன்றிக் குறை தீர்வதில்லை. கணினி நின்றுபோதல் நோயன்று. நோயின் குறியே ஆகும். அக்குறியைக் கூர்ந்து நோக்கினால், திருப்புளியைக் கையில் எடுக்குமுன்பே காரணத்தைப் பெரும்பாலும் ஒரு சிறு எல்லைக்குள் கொணர்ந்துவிடலாம்.

நிற்கும் விதம் மூன்று

முதலாவது, திரையில் அறிவிப்புத் தோன்றி, நிரல்கள் ஒழுங்காக மூடப்பட்டு நிற்பது. இது பெரும்பாலும் இயந்திரக் கோளாறன்று; மென்பொருள் புதுப்பித்தல் போன்ற ஏதோ ஒரு நிரல் இட்ட கட்டளையின் விளைவாகும். இரண்டாவது, நீலத்திரை தோன்றி மறைந்து, கணினி தானே மீண்டும் தொடங்குவது. நினைவகமாகிய ராம், சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்கள் ஆகியவற்றை இங்கு முதலில் ஐயுறல் வேண்டும். மூன்றாவது, விளக்கை அணைத்தாற்போல் ஒரு நொடியில் அனைத்தும் அடங்கிவிடுவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் மின்வழங்கலிலோ உஷ்ணத்திலோ இருக்கும். இம்மூன்றாம் வகையையே இங்கு விரிவாக ஆராய்வோம்.

முதற்கண் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல் நலம். நின்ற நேரம், தொடங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்பொழுது நடந்த வேலை, விசிறியின் ஓசை, வீட்டு விளக்குகள் மினுக்கினவா என்பன குறிக்கத் தக்கவை. விண்டோஸ் கணினியில் 'ஈவன்ட் வியூவர்' என்னும் பதிவேடு தானாகவே எழுதப்படுகிறது. அதில் 1074 என்ற எண் காணப்பட்டால், ஒரு நிரலோ பயனரோ கட்டளையிட்டு நிறுத்தியதாகப் பொருள். 'கெர்னல் பவர்' என்ற பெயருடன் 41 என்ற எண் காணப்பட்டால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே பெறப்படும். ஏன் நின்றது என்பதை அது கூறாது.

மின்வழங்கல்

நம் நாட்டு இல்லங்களுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும், வினாடிக்கு 50 சுற்றும் உடைய மாறுதிசை மின்சாரம். கணினியினுள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். இதனை 12, 5, 3.3 வோல்ட் அளவுள்ள நேர்திசை மின்சாரமாக மாற்றி வழங்குகிறது. வெளி மின்சாரம் அறுபட்டால், அதன் மின்தேக்கிகளில் உள்ள சேமிப்பு முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிவினாடிக்கே போதுமானது. மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி ஆகிறது. எனவே ஒரு சுற்று முழுதாகத் தவறினாலே கணினி நின்றுவிடக்கூடும். நம் கண்ணுக்கோ விளக்கு இலேசாக மினுக்கியதாக மட்டுமே தோன்றும்.

ஆகவே பரிசோதனையைச் சுவரிலிருந்து தொடங்குதல் வேண்டும். ப்ளக் தளர்ந்துள்ளதா, சாக்கெட்டில் கருகிய தழும்பு உண்டா, பவர் கார்டு கணினியின் பின்புறம் இறுகப் பொருந்தியுள்ளதா எனக் காண்க. கருகிய சாக்கெட் தீப்பிடிக்கும் அபாயம் உடையது. அதனை உடனே மாற்றுவிக்க வேண்டும். தண்ணீர் மோட்டாரோ மிக்ஸியோ ஓடத் தொடங்கும்போது கணினி நின்றால், மின்னழுத்தத் தாழ்வே காரணம் எனக் கருதலாம்.

மின்தடை ஏற்படும் கணத்திலேயே கணினி நின்றால், யூ.பி.எஸ். பாட்டரி தளர்ந்திருத்தல் கூடும். இதனைக் கணினியைக் கொண்டே சோதித்தல் தகாது. கணினியை அகற்றி, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யூ.பி.எஸ்.ஸில் இணைத்து, சுவர் சுவிட்சை அணைத்துப் பார்க்கவும். விளக்கு சில நொடிகளில் அவிந்துவிட்டால் பாட்டரியை மாற்ற வேண்டியதே.

உஷ்ணம்

கணினியின் மூளை எனத்தக்க பிராசஸர் வேலை செய்யுந்தோறும் வெப்பத்தை வெளிவிடுகிறது. பல பிராசஸர்களுக்கு உச்ச வரம்பு சுமார் 100 டிகிரி சென்டிகிரேடு. அவ்வரம்பை நெருங்கியதும் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனையும் மீறி உஷ்ணம் ஏறினால், கருகாதிருக்கும்பொருட்டு மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். இங்கு கணினி நிற்பது தற்காப்பே ஆகும்.

இதற்குத் தெளிவான அடையாளம் உண்டு. முதன்முறை அரை மணி ஓடி நிற்கும். உடனே தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் நிற்கும். நன்கு ஆறவிட்டுத் தொடங்கினால் மீண்டும் நெடுநேரம் ஓடும். இவ்வொழுங்கு காணப்பட்டால் உஷ்ணமே காரணம் என ஏறக்குறைய உறுதி கொள்ளலாம். பல கணினிகளில் பயாஸ் திரையிலேயே பிராசஸரின் உஷ்ணநிலையைக் காணலாம். அத்திரையில் வாளாவிருக்கும்போதும் கணினி நின்றால், விண்டோஸ் மீது பழியில்லை என்பதும் விளங்கும்.

பரிகாரம் எளிது. கணினியை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கியபின் பெட்டியைத் திறக்கவும். விசிறியை விரலால் அசையாது பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் அதன் இதழ்களிலும் வெப்பமகற்றும் உலோகத் தகடுகளிலும் அடைந்துள்ள தூசியை நீக்கவும். பிராசஸருக்கும் தகட்டிற்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருந்தால், பழையதைத் துடைத்துப் புதிதாகச் சிறிதளவே இடவும். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மூடிய மேசையறைக்குள்ளோ வைத்தலாகாது.

எஞ்சிய காரணங்கள்

இவை யாவும் சரியாயிருந்தும் குறை நீடித்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஐயுறலாம். அதன் 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையேயும், 5 வோல்ட் இணைப்பு 4.75-க்கும் 5.25-க்கும் இடையேயும் இருத்தல் வேண்டும். எனினும் கணநேரத் தாழ்வை மல்டிமீட்டர் காட்டாது. நல்லதென அறிந்த வேறொன்றைப் பொருத்திப் பார்த்தலே சிறந்த சோதனை. மதர்போர்டில் உள்ள உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருப்பதும் பழுதின் அடையாளம்; 2000-ஆம் ஆண்டை அடுத்துத் தயாரான பலகைகள் பலவற்றில் இக்குறை பரவலாக இருந்தது.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் பற்றியும் திறத்தலாகாது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளிருக்கும் மின்தேக்கி அவ்வழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே கேடு விளைப்பது.

இறுதியாக இரண்டு விதிகளை நினைவிற் கொள்க. பரிசோதனை தொடங்குமுன் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்கவும். பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறிப்பேட்டில் எழுதவும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குறை தீர்ந்தாலும் காரணம் விளங்காது. மாணவர்க்கு நாம் கற்பிக்கும் விஞ்ஞான முறையும் இதுவே.