பழைய வானைப் பேணுதல்

கமக்காரர்களே! 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. வரிச்சுமையால் புதிய வானின் விலை இன்றும் உயர்ந்தே உள்ளது. ஆதலின் கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பழைய வானைப் பேணி வைத்திருத்தல் நன்று.

எனினும் பிரேக்கில் கருத்து வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடுகண்ணாவ போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறின், அந்நீர் கொதித்து ஆவியாகும், மிதி தரைவரை தாழும், வான் நில்லாது. ஆகவே:

1. இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பிரேக் எண்ணெயை மாற்றுக.
2. இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செலுத்துக.
3. மரக்கறி இறக்கியபின் தளத்தைக் கழுவி உலர்த்துக. தேங்கும் ஈரமண் துருவை வளர்க்கும்.

அடிச்சட்டம் துருவேறி இற்றுப்போன வானை வைத்திருத்தல் சிக்கனமன்று, அதனைக் கைவிடுக.